நனைந்த தோட்டா வேலை செய்யுமா? அவசரம்

பொருநைக்கரை:
வணக்கம். வீட்டில் இருந்த தோட்டாக்கள் தண்ணீரில் நனைந்துவிட்டன. துடைத்து வெயிலில் காய வைத்தாச்சு. பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கின்றன. திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போக வேண்டும். நம்பி எடுத்துக்கொண்டு போகலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வேலிக்காவல்:
என்ன துப்பாக்கி? என்ன வேலை? மழைச் சாரல் பட்டதா, முழுசாக மூழ்கியதா? எத்தனை நேரம்? தோட்டா உடம்பு அட்டையா, பிளாஸ்டிக்கா? இதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

கந்தகன்:
பட்டாசு மாதிரிதான். நமத்துப் போனால் போனதுதான். வெடியுப்பு தண்ணீரில் கரைந்துவிடும், காய வைத்தாலும் பழைய கலவை திரும்பாது.

ரேஞ்ச் மூத்தவர்:
தம்பி கந்தகன், கரிமருந்துக் காலத்திலேயே நிற்கிறீர்கள். அடிப்படை தெரியாதவர்கள் கொஞ்சம் வாசித்துவிட்டு வந்து எழுதினால் நல்லது. இன்றைய தோட்டாவில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. அது தண்ணீரில் கரையாது. தனி நைட்ரோசெல்லுலோஸை லாரியில் அனுப்பும்போது தீப்பிடிக்காமல் இருக்க ஈரத்தோடுதான் அனுப்புவார்கள். காய்ந்தால் மறுபடி எரியும். பலவீனமான இடம் அடியில் இருக்கும் கேப், அதாவது ஊசி தட்டியதும் பொறி கொடுத்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. அதற்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பழைய ஜவான்:
ரொம்பப் பயமுறுத்தாதீர்கள். 1940களில் செய்த 303 ரைஃபிள் தோட்டா ஐம்பது வருஷம் கழித்து வெடித்ததை நான் கண்ணால் பார்த்தவன். மேலே துருவும் கறையுமாக இருந்தது, ஒன்றுகூட ஏமாற்றவில்லை.

ரேஞ்ச் மூத்தவர்:
ஐயா, அது ராணுவத் தோட்டா. கேப்பைச் சுற்றி அரக்கு, குண்டு உட்காரும் கழுத்தில் தார் என்று அடைத்து அனுப்புவார்கள். கடையில் வாங்கும் 12 போர் (சிறு ஈயக் குண்டுகளைச் சுடும் வேட்டைத் துப்பாக்கி வகை) தோட்டாவுக்குப் பெரும்பாலும் அந்தக் கவசம் கிடையாது. பிளாஸ்டிக் தோட்டாவின் வாயை நட்சத்திரம் போல மடித்திருப்பார்களே, அந்த மடிப்புகள் கூடும் நடுப்புள்ளியை வெளிச்சத்தில் பாருங்கள். பலவற்றில் ஊசி முனை நுழையும் துளை தெரியும். தண்ணீருக்கு அது போதும்.

பொருநைக்கரை:
தாமதத்துக்கு மன்னிக்கவும், கரண்ட் இல்லை. 12 போர், இரட்டைக் குழல், அப்பா பெயரில் உரிமம். அப்பா முன்னாள் ராணுவம், வங்கியில் காவலர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு மூழ்கி, தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. துப்பாக்கி பரணில் இருந்ததால் தப்பித்தது. அப்பா நடுவில் வேலையை விட்டிருந்தார், இப்போது மறுபடி சேர்கிறார். பாதி சிவப்பு பிளாஸ்டிக் எஸ்.ஜி. (உள்ளே பெரிய குண்டுகள் இருக்கும் வகை), மீதி பழைய அட்டைத் தோட்டா. பெல்ட்டில் செருகியிருந்தவற்றில் அடிப்பித்தளை பச்சையாக இருக்கிறது.

வேலிக்காவல்:
இரண்டு நாள் மூழ்கினதை ‘நனைந்தது’ என்று எழுதினால் எப்படி! அட்டைத் தோட்டா ஊறினால் உப்பும். காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது, குழலில் நுழையாது, நுழைந்தால் கழலாது. அவற்றைத் தொடவே வேண்டாம்.

பழைய ஜவான்:
பச்சை வெள்ளத்தால் வந்ததல்ல. தோல் பெல்ட்டில் வருஷக்கணக்கில் செருகி வைத்தால், தோல் பதனிடும் ரசாயனமும் வியர்வையும் சேர்ந்து பித்தளையில் களிம்பு ஏற்றும். கேன்வாஸ் பெல்ட்டுக்கு மாறச் சொல்லுங்கள்.

கந்தகன்:
களிம்புதானே, புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும்.

வேலிக்காவல்:
தேய்க்காதீர்கள். புளி அமிலம், கூடவே இன்னொரு முறை தண்ணீர். மேலே மினுங்கும், உலோகம் எங்கே அரித்திருக்கிறது என்ற அடையாளமும் போய்விடும். துரு கழற்றும் எண்ணெயும் தெளிக்க வேண்டாம், அது கேப்புக்குள் கசிந்து கேப்பைக் கெடுத்துவிடும்.

ரேஞ்ச் மூத்தவர்:
பித்தளை என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டீர்கள். பல தோட்டாக்களின் அடி இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு மட்டும்தான். காந்தம் ஒட்டினால் இரும்பு.

பழைய ஜவான்:
இரும்பில் செந்துரு வரும், பச்சை வராது. நாங்களும் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள்தான்.

ரேஞ்ச் மூத்தவர்:
பூச்சிலும் பச்சை வரும், ஐயா. பூச்சு பித்தளைதானே.

வேலிக்காவல்:
பெரியவர்களே, திங்கட்கிழமைக்குப் பதில் வேண்டும்.

பொருநைக்கரை தம்பி, கேளுங்கள். வெடிக்காத தோட்டாவைவிட அரைகுறையாக வெடிக்கும் தோட்டாதான் பெரிய ஆபத்து. கேப் பொறி கொடுக்கும், ஈரம் பட்ட மருந்து பாதிதான் எரியும். ‘டமார்’ வராமல் ‘டப்’ என்று மட்டும் கேட்கும். குண்டுகளைத் தள்ளும் வில்லை குழல் நடுவிலேயே நின்றுவிடும். பதற்றத்தில் அதே குழலில் அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். பிளப்பதும் குழலைப் பிடித்திருக்கும் இடது கைக்குப் பக்கத்தில். அப்படிச் சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, குழலை மடக்கித் திறந்து, தோட்டாக்களை எடுத்து, பின்பக்கமாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். சத்தமே வராவிட்டால் தாமதமாகவும் வெடிக்கலாம். குழலை ஆளில்லாத பக்கம் நீட்டி முப்பது வினாடியாவது காத்திருக்க வேண்டும். பயிற்சித் திடலில் இதற்கெல்லாம் நேரம் உண்டு. வங்கி வாசலில் கொள்ளைக்காரன் எதிரே நிற்கும்போது அப்பாவுக்கு அந்த நேரம் கிடைக்காது.

இரண்டைச் சுட்டுப் பார்த்து மற்றதை நம்பவும் முடியாது. ஒவ்வொன்றிலும் ஈரம் ஒவ்வொரு அளவு போயிருக்கும். மொத்தத்தையும் ஒதுக்குங்கள். குப்பையிலோ ஆற்றிலோ போடாதீர்கள். ஈரத்தில் செத்த கேப் காய்ந்ததும் உயிர் பெறலாம், குழந்தைகள் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? உரிமத்தில் எண்ணிக்கை இருக்கிறது. அப்பாவே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்து, ஒப்புகை வாங்கட்டும். பிறகு உரிமத்தைக் காட்டிப் புதுசு வாங்குங்கள்.

கந்தகன்:
பீரோவில் எப்படி வைப்பது? அரிசிக்குள் புதைக்கலாமா?

வேலிக்காவல்:
வேண்டாம். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, மேல்தட்டு, பூட்டு. அடுப்புக்கும் கூரைத் தகரத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். சூடும் மருந்தைக் கெடுக்கும்.

பொருநைக்கரை:
நன்றி. எல்லாவற்றையும் ஒப்படைத்து ஒப்புகை வாங்கியாச்சு. புதுத் தோட்டா வரும் வரை அப்பா சேர்வதைத் தள்ளி வைத்திருக்கிறார்.

ரேஞ்ச் மூத்தவர்:
நல்லது. கொடுக்கும் முன் காந்தம் வைத்துப் பார்த்தீர்களா?