9 என்று மீதி வந்த பிறகும் லூகாஸ்–லேமர் எதற்கு?

இருபடியான்:
2^13,62,79,841 − 1 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4,10,24,320 இலக்கம். 2024 அக்டோபர் 11-இல் டப்ளினில் ஒரு ஏ100 ஜிபியு (வரைகலைச் செயலி) ஃபெர்மா சோதனை (அடிமானம் ஒன்றை, எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) போட்டு, பகா எண்ணாகத்தான் இருக்கும் என்றது. மறுநாள் சான் அன்டோனியோவில் எச்100 என்ற இன்னொரு ஜிபியுவில் லூகாஸ்–லேமர் சோதனை, பகா எண்தான் என்று நிரூபிக்க. இந்த இரண்டாவது ஓட்டம் வீண்செலவு என்பேன். இவ்வளவு பெரிய எண்ணில் போலிப் பகா எண் (ஃபெர்மா சோதனையில் தேறிவிடும் பகு எண்) மாட்ட வாய்ப்பே இல்லை.

மீதிக்கணக்கு:
2047-க்கு (2^11 − 1) அடிமானம் 2 வைத்துப் போட்டுப் பாருங்கள். 23 × 89தான், ஆனாலும் தேறிவிடும். 2^11-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046-ஓ 11-இன் மடங்கு. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் எந்த மெர்சென் எண்ணும் (2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்) இப்படித் தேறும்.

இருபடியான்:
அதற்காகத்தானே 3 வைக்கிறோம்? 3-இல் தொடங்கி, அடுக்கு எவ்வளவோ அத்தனை முறை வர்க்கம். ஃபெர்மாவில் வேண்டியதைவிட அடுக்கு இரண்டு கூடும், ஆகவே பகா எண் என்றால் மீதி 1 × 3 × 3 = 9 வரவேண்டும். 2047 இதில் மாட்டிக்கொள்ளும்.

மீதிக்கணக்கு:
2047 மாட்டும், சரி. 3-க்குத் தப்பும் மெர்சென் பகு எண்ணே கிடையாது என்று யார் நிரூபித்தார்கள்? லூகாஸ்–லேமரில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. 4-இல் தொடங்கு, வர்க்கம் எடு, 2 கழி, மீதி எடு. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை. 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 31-க்கு (2^5 − 1) 4, 14, 8, 0. 2047-க்கு ஒன்பதாவது படியில் 1736.

இருபடியான்:
தாளில் சரி. இயந்திரத்தில் 13 கோடி வர்க்கம்! பெரிய எண்களைத் தசமக் கணக்கில் வேகமாகப் பெருக்கும் எஃப்எஃப்டி முறையில் தசமப் பிழை 0.5-ஐ நெருங்கினால் எந்த முழு எண்ணுக்குத் திருத்துவது என்றே தெரியாது. ஒரு பிட் புரண்டாலும் கடைசி மீதி குப்பை. நல்ல பகா எண் பகு எண்ணாகப் பதிவாகிவிடும். ஃபெர்மாவில் வெறும் வர்க்கம் மட்டும் என்பதால் கெர்பிச் சோதனை என்ற பிழைச் சரிபார்ப்பு பொருந்தும். ஆயிரமாவது படிதோறும் வரும் மீதிகளைப் பெருக்கிக்கொண்டே வாருங்கள். முந்தைய பெருக்குத்தொகையை ஆயிரம் முறை வர்க்கமாக்கி 3-ஆல் பெருக்கினால் புதியது வரவேண்டும். பத்து லட்சம் படிக்கு ஒருமுறை சரிபார்த்தால் கூடுதல் வேலை 0.2 சதவீதம். பிசகினால் கடைசியாகச் சேமித்த நல்ல இடத்துக்குத் திரும்பலாம். லூகாஸ்–லேமரில் அந்த "2 கழி" இதைக் கெடுத்துவிடுகிறது. ஜக்கோபி சோதனை என்ற வேறு சரிபார்ப்பு இருக்கிறது, அது பிடிப்பதோ பாதிப் பிழைகளை.

மீதிக்கணக்கு:
பகு எண்களைச் சலித்துத் தள்ளுவதற்கு ஃபெர்மாதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் பிழை ஒரு திசையில்தான் அடிக்கும்: பகா எண் நழுவும். பகு எண்ணுக்குத் தற்செயலாக 0 வராது. நடுவில் நினைவகமே அழிந்து எல்லாம் 0 ஆனாலும் அடுத்த படி −2, அப்புறம் 2, 2, 2. அதே 2தான் கடைசிவரை. மிச்சமிருக்கும் பயம் மென்பொருள் கோளாறு. அதற்குத்தான் வேறு நிரல், வேறு வன்பொருளில் மறுபடி ஓட்டினார்கள்.

இருபடியான்:
சரி, 9 வந்த எண்ணுக்கு மட்டும் என்றால் செலவு அற்பம், "வீண்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். கண்டுபிடித்த நாள் மட்டும் 11தான்.

மீதிக்கணக்கு:
12. முதல் நாள் கையில் இருந்தது வலுவான சந்தேகம் மட்டும்.