எச்சரிக்கை வந்தும் நகராதவர்களை என்ன செய்வது?

வேளச்சேரி வாசகன்: ஃபெஞ்சல் புயல் சமயத்தில் ‘எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை’ என்று தென்பெண்ணைக் கரை ஊர்க்காரர்கள் புலம்பியதாக நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2024 டிசம்பர் 2 அன்று தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் போவதற்கு முன் ஐந்து முறை எச்சரிக்கை விட்டதாக அரசே சொன்னது. ஐந்து முறை! இன்று எந்தக் கிராமத்தில் செல்போன் இல்லை? ரீல்ஸ் பார்க்கத் தெரிகிறது, எச்சரிக்கை பார்க்கத் தெரியாதா? சொல்லியும் நகராதவர்களுக்கு நிவாரணத்தைக் குறைத்தால்தான் அடுத்த முறை நகர்வார்கள்.

தென்பெண்ணைக் கரையான் (போரூர்): ஐந்தாவது முறை சொன்னபோது மணி என்ன சார்? அதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

வேளச்சேரி வாசகன்: மணி எதுவாக இருந்தால் என்ன? ஐந்து முறை என்றால் ஐந்து முறை.

தென்பெண்ணைக் கரையான்: நள்ளிரவு தாண்டி, விடியற்காலை. என் ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். புயல் கரை கடந்ததிலிருந்து விடாத மழை. மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. சாயங்காலமே கரண்ட் போயாச்சு, டவரும் படுத்துவிட்டது. சார்ஜ் இல்லாத போனைப் பரண்மேல் வைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கு உங்கள் ஐந்தும் ஒன்றுதான், பூஜ்ஜியமும் ஒன்றுதான். சித்தப்பா எழுந்து காலைக் கீழே வைத்தபோது முழங்கால் அளவு தண்ணீர். ரேஷன் கார்டும் பட்டாவும் இருந்த பையை எடுத்தார், மாட்டுக் கயிற்றை அறுத்துவிட்டார், அவ்வளவுதான் நேரம். இன்று அவர் நிலத்தில் நெல் இல்லை, மணல் இருக்கிறது. அதற்கும் நிவாரணத்தைக் குறைக்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர் (மாம்பலம்): உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீர் முழுக்கச் சாத்தனூருக்குத்தான் வரும். அணையின் உயரம் 119 அடி. வரும் வேகத்துக்குத் திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து. மதகில் நிற்கிறவன் கடிகாரம் பார்த்துத் திறக்க முடியாது.

தென்பெண்ணைக் கரையான்: திறந்தது தப்பு என்று நான் எங்கே எழுதினேன் ஐயா? சொன்னவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்றுதான் கேட்கிறேன். கலெக்டர் ஆபீசுக்குப் போன கடிதமும் கடைசித் தெருவுக்குப் போன சேதியும் ஒன்றா? முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமே என்பது தனிக் கதை. அதற்கு 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததிலிருந்து நீங்கள் எல்லாரும் பதில் வைத்திருப்பீர்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்: ‘நீங்கள் எல்லாரும்’ என்றால் யார்? நான் ஓய்வுபெற்று வருடக்கணக்காகிறது. செம்பரம்பாக்கத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

தாமிரபரணி அண்ணாச்சி (அம்பத்தூர்): உங்களுக்காவது ஐந்து முறை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய்ச் சனமெல்லாம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது. மத்தியில் ‘12-ஆம் தேதியே சொன்னோம்’ என்றார்கள், மாநிலத்தில் ‘இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே’ என்றார்கள். எங்களைக் கேட்க நாதி இல்லை. சென்னையில் நாலு சொட்டு விழுந்தால் மட்டும் டிவியில் நாள் பூராவும் நேரலை.

வேளச்சேரி வாசகன்: அண்ணாச்சி, தலைப்பு உங்கள் ஊர் மழை அல்ல. ஐந்து முறை சொல்லியும் ஏன் நகரவில்லை என்பதுதான் கேள்வி. ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் போனார்கள். 2013 பைலின் புயலில் ஏறக்குறைய பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள், சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. அங்கே சொன்னதும் கிளம்புகிறார்கள்.

கடலூர்க்காரி (பெரம்பூர்): அங்கே கிளம்பினால் போய்த் தங்க இடம் இருக்கிறது. கரையோரம் முழுக்கப் புயல் பாதுகாப்பு மையம் கட்டி, ஊருக்கு ஊர் ஆளைப் பழக்கி, யார் கிழவியைத் தூக்குவது, யார் கர்ப்பிணியை அழைத்து வருவது என்று முன்னமே பிரித்துக் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டி ‘இதுதான் முகாம்’ என்றார்கள். போனால் பூட்டியிருக்கிறது, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சொந்த ஊரில். திறந்த பிறகும் அத்தனை பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் இல்லை. வயசுப் பெண்ணை வைத்திருக்கிறவள் அங்கே வருவாளா, வீட்டுப் பரணில் ஏறுவாளா?

தென்பெண்ணைக் கரையான்: அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. மாட்டை முகாமுக்குள் விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் மழை வரும் என்றதுமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்களே, நாடே பார்த்தது. காருக்கு மேம்பாலம் இருக்கிறது. என் சித்தப்பா மாட்டை எந்தப் பாலத்தில் ஏற்றுவார் வாசகன் சார்?

வேளச்சேரி வாசகன்: அது நான் இஎம்ஐ கட்டுகிற கார். 2015-இல் ஒரு வண்டி போனது எனக்கு. எச்சரிக்கை வந்தது, நான் நகர்ந்தேன். நான் சொல்வதற்கு நானே சாட்சி, ரொம்ப நன்றி.

தென்பெண்ணைக் கரையான்: பகலில் வந்தது, நகர்ந்தீர்கள். ஐந்தாவது முறை மணி என்ன?

பழைய பஞ்சாயத்து (தாம்பரம்): எங்கள் காலத்தில் தண்டோரா போட்டால் ஊரே எழுந்துவிடும். 2022-இல் அதை வேண்டாம் என்று நிறுத்தினார்கள். இப்போது செல்போனை நம்பி எல்லாம் போச்சு. தண்டோராவைத் திரும்பக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடலூர்க்காரி: அடைமழையில், இடுப்பளவு தண்ணீரில், நடுராத்திரி தண்டோரா அடித்துக்கொண்டு போவது யார் ஐயா? உங்கள் தெரு ஆளா? யாரை அதற்கு அனுப்பினீர்கள், ஏன் நிறுத்தச் சொன்னார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அந்த உத்தரவே சொன்னது. 2004 சுனாமியில் நல்லவாடு மீனவக் கிராமத்தைக் காப்பாற்றியது அதுதான். சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் போட்டுச் சொன்னார். கடல் நிலவரம் சொல்ல வைத்திருந்த மைக்கில் அறிவித்தார்கள், ஆயிரக்கணக்கான சனம் ஓடிப் பிழைத்தது. அறிவிக்க ஐந்து முறை தேவைப்படவில்லை.

பழைய பஞ்சாயத்து: நான் சாதி பேசவில்லை. எதைச் சொன்னாலும் அதில் சாதியைத் தேடுகிற கூட்டம் ஒன்று உண்டு.

ஓய்வுபெற்ற பொறியாளர்: நல்லவாடு புதுச்சேரி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டு நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போது அது உதாரணம் ஆகாது.

தாமிரபரணி அண்ணாச்சி: ஒடிசா உதாரணம் ஆகும், பக்கத்தில் கிடக்கிற புதுச்சேரி ஆகாதாக்கும்! நல்லா இருக்கே நியாயம்.

தென்பெண்ணைக் கரையான்: மைக் என்று அக்கா சொன்னதால் எழுதுகிறேன். ஒரு கோயிலில் பேட்டரியும் குழாய் ஒலிபெருக்கியும் இல்லாத ஊர் எது? ஆடி மாதம் விடியும் முன்னே பாட்டுப் போடத் தெரிகிறது. அந்த மைக்குக்குப் பொறுப்பாக ஊருக்கு இரண்டு ஆள், அவர்களுக்கு அணையிலிருந்து நேராக ஒரு போன், டவர் போனால் வயர்லெஸ். ஆற்றோரத்தில் ஒரு கல் நட்டு, தண்ணீர் இந்தக் கோட்டைத் தொட்டால் மாட்டை அவிழ், அந்தக் கோட்டைத் தொட்டால் நீயும் கிளம்பு என்று மழைக்காலத்துக்கு முன்பே சொல்லிவைப்பது. இதற்கு எத்தனை கோடி ஆகிவிடும்? வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதியில் 2002-இல் ஒரே நாளில் 80,244 கன்று நட்டார்கள். இரண்டே வருடத்தில் வந்த சுனாமியின் வேகத்தை அந்தத் தோப்புதான் தடுத்தது. கிராமத்தானுக்குப் புத்தி இல்லை என்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். வழிச் செலவுக்குக் காசு நான் தருகிறேன்.

வேளச்சேரி வாசகன்: புத்தி இல்லை என்று நான் எழுதவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அப்புறம், உங்கள் காசு எனக்கு வேண்டாம்.

தென்பெண்ணைக் கரையான்: ரீல்ஸ் என்று எழுதியதற்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. மணி?

நெறியாளர்: தனிநபர் தாக்குதல் வேண்டாம். சாதி, கட்சி இரண்டும் வேண்டாம்.

தாமிரபரணி அண்ணாச்சி: கட்சி யார் பேசினது? 95 செ.மீ. என்று எழுதினால் கட்சியா?

ஓய்வுபெற்ற பொறியாளர்: கோயில் மைக்கை இரவில் யார் அனுமதியோடு போடுவது? இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது அம்மா.

கடலூர்க்காரி: மைக் யோசனையை எழுதியது கரையான் தம்பி. கேள்வியை அங்கே கேளுங்கள். அப்புறம், நான் உங்களுக்கு அம்மா இல்லை.

வேளச்சேரி வாசகன்: இதைத்தான் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு காரணம். ஆனால் சொன்னது ஐந்து முறை.