நாற்காலி நிஜமாகவே 8 வயதைக் கூட்டுமா?

ஓடும்குதிரை:
தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்தாலும், 10 மணி நேரம் உட்கார்ந்தால் உடம்புக்கு 8 வயது கூடிவிடுமாம், ஆய்வே சொல்கிறதாம். இங்கே ஒருவர் நேற்று அடித்துவிட்டிருக்கிறார். அது 2017-இல் சான் டியாகோவிலிருந்து வந்த ஆய்வு. 64 முதல் 95 வயது வரையுள்ள சுமார் 1,500 பெண்கள். 10 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததோடு, நாளுக்கு 40 நிமிடம்கூட உருப்படியாக உடலை அசைக்காதவர்களுக்குத்தான் டெலோமியர் (குரோமோசோம் நுனியில் இருக்கும் உறை, வயதாக ஆகக் குட்டையாகும்) குட்டையாக இருந்தது. பாதி நிபந்தனையை விழுங்கிவிட்டு ஊரைப் பயமுறுத்துவது என்ன பழக்கம்?

கடிகாரமுள்:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 8 ஆண்டு என்று ஆய்வில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. அப்புறம் என்ன?

ஓடும்குதிரை:
40 நிமிடம். அதுவும் இருக்கிறது.

புதுமுகம்:
ஒரு சந்தேகம். உடலின் வயதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? டெலோமியர் நீளமா, 2013-இல் ஹோர்வாத் என்ற விஞ்ஞானி வெளியிட்ட டிஎன்ஏ மெத்திலேஷன் கடிகாரமா (டிஎன்ஏ மீது ஒட்டும் வேதிக் குறிகளை வைத்து வயதைக் கணிக்கும் முறை)? ஒரே ஆளுக்கு இரண்டும் ஒரே விடை தர வேண்டியதில்லையே.

ஓடும்குதிரை:
அதைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் இவர் 40 நிமிடத்துக்குப் பதில் சொல்லட்டும். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் 10 லட்சம் பேருக்கு மேல் தொகுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு இருந்தால், 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயம் மறைந்துவிடுகிறது. பயிற்சி செய்தும் பயனில்லை என்று பேசுகிறவர்கள் செய்யாமலிருக்கச் சாக்குத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

கடிகாரமுள்:
அதே கட்டுரையில் 5 மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு அபாயம் குறைந்ததே தவிர முழுதாகப் போகவில்லை என்றும் இருக்கிறது. அதை யார் விழுங்கினார்கள்? தவிர, அது மரணக் கணக்கு, வயதுக் கணக்கு இல்லை. டல்லாஸில் 1966-இல் 20 வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். 30 வருடம் கழித்து அவர்களையே சோதித்தபோது, உடலின் உழைப்புத் திறனை மூப்பு அரித்ததைவிட அந்த மூன்று வாரம் அதிகமாக அரித்திருந்தது தெரிந்தது. அசையாமல் இருப்பதன் லட்சணம் அது.

ஓடும்குதிரை:
படுக்கை வேறு, நாற்காலி வேறு. 5 பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள். விரதம் பற்றிய சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள், அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. 40 நிமிடத்துக்கும் வராது போல.

சும்மாஇரு:
குதிரை அண்ணனுக்கு ஒரு செய்தி. பின்லாந்து இரட்டையர் ஆய்வில் சோம்பேறிகளுக்கு மட்டுமல்ல, மிக அதிகமாக உடலுழைப்பு செய்தவர்களுக்கும் மெத்திலேஷன் கடிகாரம் வேகமாகத்தான் ஓடியது. பார்த்து ஓடுங்கள் 😂

ஓடும்குதிரை:
வந்துவிட்டார். மராத்தான் பற்றிய விவாத இழையில் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதிலிருந்து இவருக்கு நான் எங்கே எழுதினாலும் அரிப்பு. நான் அளவோடு ஓடுகிறவன், அதை அன்றைக்கே எழுதியிருக்கிறேன், தேடிப் படியுங்கள். பேச்சை மாற்ற வேண்டாம். சான் டியாகோ ஆய்வில், தினமும் குறைந்தது அரை மணி நேரம் பயிற்சி செய்த பெண்கள் அதிகம் உட்கார்ந்தாலும் டெலோமியர் குட்டையாக இல்லை. இதை மறுக்க முடியுமா?

கடிகாரமுள்:
முதலில் 40, இப்போது 30. அடுத்து 20 ஆகுமா?

ஓடும்குதிரை:
இரண்டு எண்ணும் அதே ஆய்வில் இருக்கின்றன! படித்திருந்தால் தெரியும்.

புதுமுகம்:
ஒரே ஒரு தடவை அளந்ததை வைத்து, உட்கார்ந்ததால்தான் மூப்பு வந்ததா, உடம்பு முதலிலேயே தளர்ந்ததால் உட்கார்ந்தார்களா என்று எப்படிப் பிரிப்பது?

சும்மாஇரு:
தம்பி, இங்கே கேள்வி கேட்பவர்களுக்குத்தான் சீக்கிரம் வயசாகும்.

கடிகாரமுள்:
நான் சொன்னது 8 ஆண்டு. அது அச்சில் இருக்கிறது. விரதக் கேள்விக்கு அன்றே பதில் எழுதினேன், நிர்வாகி நீக்கிவிட்டார்.

ஓடும்குதிரை:
நீக்கியது பதிலை அல்ல, வசவை. 40 நிமிடம் என்ன ஆயிற்று?