கரண்ட் போன நாளும் ஆட்டுக்கால் குழம்பும்: ஸ்லோ குக்கரில் கறி சமைத்தவர்கள் சொல்கிறோம்

சாட்ஸ்வொர்த் மருமகள்:

எங்கள் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, மோசமாக இருந்த வருடம். புரட்டாசி முடிந்த வாரம். ஒரு மாதம் கறி வாசனையே இல்லாத வீட்டில் மாமனாருக்கு ஆட்டுக்கால் மேல் ஆசை வந்துவிட்டது. டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட் பக்கம் போய் எட்டுக் கால் வாங்கி வந்தேன். தொடைக்கறி வாங்குகிற காசில் பாதிகூட ஆகவில்லை.

மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். காலை ஆறரைக்கு ஃப்ரிட்ஜிலிருந்த ஆட்டுக்காலை அப்படியே ஸ்லோ குக்கரில், அதாவது மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பானையில் போட்டு, மசாலாவும் தண்ணீரும் ஊற்றி, லோவில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மாலையில் கதவைத் திறந்தால் வீடு முழுக்க மணம். கரண்டியால் தொட்டதும் எலும்பிலிருந்து தோல் கழன்றது. சந்தோஷமாகத் தட்டை எடுக்கத் திரும்பியபோதுதான் மைக்ரோவேவின் கடிகாரம் பூஜ்யத்தில் மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

போனில் அட்டவணையைப் பார்த்தேன். எங்கள் பகுதிக்கு எட்டிலிருந்து பத்தரை வரை கரண்ட் இல்லை. அதாவது பானை சூடேறத் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் நின்று, இரண்டரை மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கிறது. என்னுடையது திருகு வைத்த பழைய மாடல், கரண்ட் வந்ததும் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. பட்டன் வைத்த டிஜிட்டல் மாடல்கள் பல அப்படியே அணைந்து கிடக்கும். அதில் ஆறின குழம்பைப் பார்த்தாவது கரண்ட் போனது நமக்குப் புரியும். என்னுடையதில் அதுவும் இல்லை.

"நல்லா வெந்திருக்கும்மா, கொட்டிடாத" என்றார் அத்தை. எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கறி மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். அவற்றில் சில விட்டுப்போகும் நஞ்சு, பிறகு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. சர்க்கரையும் இதய நோயும் உள்ள 74 வயது மனிதருக்கு அதை எப்படிப் பரிமாறுவது? எட்டுக் காலையும் குப்பையில் கொட்டினேன். அன்று இரவு ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலா எல்லாம் அடுப்பில் வதக்கி, கறியையும் அதிலேயே பிரட்டி, குழம்பு தளதளவென்று கொதித்த பிறகுதான் பானைக்கு மாற்றுகிறேன். பானையை முன்பே ஹையில் சூடாக்கி வைக்கிறேன். தண்ணீர் சேர்ப்பதானால் கொதிநீர். முதல் ஒரு மணி நேரம் ஹை, அப்புறம் லோவில் எட்டு மணி நேரம். பாதிக்குக் குறையாமலும் முக்காலுக்கு மேல் போகாமலும் நிரப்ப வேண்டும். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்ப இருபது நிமிடமாவது ஆகும். வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிக் கொதிக்கவிடுவேன். முழுக்க வெந்த பிறகு போனால் பயமில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடலாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ப்ரீபெய்டு மீட்டரைப் பார்த்துக் கணக்கு வைத்தேன். எட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. அதே ஆட்டுக்காலை மின்அடுப்பில் மூன்றரை மணி நேரம் வேகவைத்தபோது மூன்று யூனிட் போயிற்று. கால், கழுத்து, நெஞ்செலும்பு என்று விலை குறைந்த துண்டுகள்தான் இதற்குச் சரி. அவற்றில் இருக்கும் விறைத்த சவ்வு மெல்லக் கரைந்து குழம்பைப் பசை போல ஆக்கும். கொழுப்பில்லாத கோழி நெஞ்சை எட்டு மணி நேரம் போட்டால் நார்நாராக வறண்டுவிடும், காசும் வீண்.

போனிக்ஸ் தம்பி:

அக்கா, என் கதையில் கறி தப்பு செய்யவில்லை, பீன்ஸ்தான். கழுத்தெலும்பும் ராஜ்மா இனத்து சுகர் பீன்ஸும் சேர்த்து வைப்பது அம்மாவின் வழக்கம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த நான் பீன்ஸை இரவு ஊறவைத்து, காலையில் அப்படியே ஸ்லோ குக்கரில் போட்டேன், லோவில் ஏழு மணி நேரம். கறி வெந்துவிட்டது, பீன்ஸ் மட்டும் நடுவில் கொஞ்சம் கடிபட்டது. பசியில் சாப்பிட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது, குடலே வெளியில் வந்துவிடும் போலிருந்தது. கிளினிக்கில் நர்ஸ் முதலில் கேட்டதே "பீன்ஸ் சாப்பிட்டீர்களா" என்றுதான்.

சிவப்பு கிட்னி பீன்ஸிலும் அதே இனத்துப் பயறுகளிலும் லெக்டின் என்று ஒரு நஞ்சு உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாது, 80 டிகிரிக்குக் கீழே வெந்தால் வேகவைக்காத பீன்ஸைவிட அதிகமாகவே கெடுதல் செய்யலாம். வேகாத நாலைந்து பீன்ஸ் போதும் ஆளைப் படுக்கவைக்க. இப்போது ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் துள்ளக் கொதிக்கவைத்த பிறகே பானையில் போடுகிறேன். பத்து நிமிடம் போதும் என்றும் சொல்கிறார்கள். பட்டவன் நான், அரை மணி நேரத்துக்குக் குறைக்க மாட்டேன். டப்பா பீன்ஸ் என்றால் இந்தக் கவலை இல்லை, அது ஏற்கெனவே வெந்தது.

டொங்காட் தாத்தா:

கரண்டே இல்லாத ஒரு வழி சொல்கிறேன் பிள்ளைகளே. கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் எங்கள் அம்மா, கொதிக்கும் சட்டியை மரப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் வைக்கோலும் பழைய போர்வையும் திணித்து மூடிவிட்டு வேலைக்குப் போவார். இந்த யோசனையைத்தான் 2008இல் சாரா காலின்ஸ் என்ற பெண்மணி இந்த நாட்டில் வண்டர்பேக் என்ற துணிப் பையாகச் செய்தார். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஹார்ட்பாடி கோழி, அதாவது முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழி, மலிவாகக் கிடைக்கும், ஆனால் பல்லுக்கு வேலை வைக்கும். அதை அடுப்பில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, மூடியைத் திறக்காமல் பைக்குள் வைக்கிறேன். நாலு மணி நேரம் கழித்து எடுத்ததும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பேன். 60க்குக் கீழே இறங்க விடக்கூடாது. சாப்பிடும் முன் மறுபடி ஒரு கொதி. சட்டி நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும்; இரண்டு பேருக்கு அரைச் சட்டி வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். பேத்தி அந்தத் தெர்மாமீட்டரை வாங்கித் தந்தாள், இந்த வயதில் எனக்குக் கிடைத்த நல்ல சாமான் அது.

வெருலம் அம்மா:

மிச்சக் குழம்பை ஸ்லோ குக்கரிலேயே சூடுபண்ணலாமா? ஃப்ரீசரில் இருக்கும் கோழியை உருகவிடாமல் போடலாமா? நாளைக்கு ஒரு முழுக்கோழி வைக்க நினைக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

இரண்டுமே வேண்டாம் அம்மா. மிச்சத்தை அடுப்பில் கொதிக்கவைத்துவிட்டு வேண்டுமானால் பானைக்கு மாற்றுங்கள். முந்தின நாள் எடுத்துவைக்கும்போதும், பெரிய சட்டியோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். சட்டியோடு வைத்தால் நடுவில் சூடு தங்கி அங்கேதான் கிருமி வளரும்.

உறைந்த கோழி பானையையே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்துவிடும். முழுக்கோழி ஃப்ரிட்ஜில் உருக ஒரு நாளாவது ஆகும், அதனால் நாளைக்கு வேண்டாம், மறுநாள் வையுங்கள். துண்டுகளாக வெட்டியே வையுங்கள், கால்மூட்டுப் பக்கம் 74 டிகிரி காட்ட வேண்டும். இன்றிரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அடியில் ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இரத்தநீர் கீரையில் சொட்டும்.