வள்ளியின் கையில் இருந்த கவண்

இசை நாடக மேடையில் யாருடைய நடிப்பு மறக்க முடியாதது என்று கேட்டால், 2016 பங்குனியில் புதுக்கோட்டைக்கு அருகே ஒரு கோயில் திடலில் வள்ளியாக நின்ற, ஸ்திரீபார்ட் எனப்படும் நாயகி வேட நடிகை ஒருவரைத்தான் சொல்வேன். நாடகம், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். ஸ்பெஷல் நாடகம் என்பதால் ராஜபார்ட் எனப்படும் நாயக நடிகர் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், நாரதர் இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி வரவழைக்கப்பட்டிருந்தார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. எதிரில் நிற்பவர் எப்படிப்பட்டவர் என்பது பல நேரங்களில் மேடை ஏறிய பிறகுதான் தெரியவரும்.

பத்து மணிக்குத் தொடங்கிய பபூன் காமிக் என்னும் நகைச்சுவைப் பகுதி நள்ளிரவைத் தாண்டியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வள்ளி தினைப்புனத்துக்கு வந்தபோது மணி ஒன்றரை இருக்கும்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரல் எட்டியாக வேண்டும் என்பதால் நாடகக்காரர்கள் உச்ச சுருதியிலேயே பாடிப் பழகினார்கள். 1933இல், இருபத்தேழு வயதிலேயே மறைந்த நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு, மேல்ஸ்தாயியில் அவர் சிரமமின்றிச் சஞ்சரிக்கும் அழகு தெரிந்திருக்கும். தேவை போன பிறகும் பழக்கம் போகவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்துகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இந்த நடிகையோ ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் இடத்தில் மட்டும் குரலை முழுதாகத் திறந்துவிட்டு, தனக்குத்தானே பேசிக்கொள்ளும் அடிகள் வந்ததும் மைக்கை நெருங்கி, மூச்சு இழுப்பது காதில் விழும் அளவுக்குத் தணித்துப் பாடினார். பரணுக்கு மேல் நின்று வயலைப் பார்த்துக் கூவும் பெண்ணும், பரணில் தனியே உட்கார்ந்து யோசிக்கும் பெண்ணும் ஒரே பாட்டில் தெரிந்தார்கள்.

முருகனை மணக்கும்படி நாரதர் வள்ளியிடம் வாதிடும் நாரதர் தர்க்கத்தில்தான் அவருடைய திறமை முழுதாக வெளிப்பட்டது. நாரதராக வந்தவர் நல்ல சாரீரக்காரர். கல்யாணி ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்து, ஒவ்வொரு சங்கதிக்கும் கைதட்டலுக்காகக் காத்திருந்தார். அந்தப் பத்து நிமிடமும் வள்ளிக்கு மேடையில் வேலையே இல்லை. வேறு யாராவது இருந்தால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டோ, மிருதங்கக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோ நேரத்தைக் கடத்தியிருப்பார்கள். இவர் கவண் கயிற்றை இடக்கை ஆள்காட்டி விரலில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றிக்கொண்டே நாரதரைக் கண் எடுக்காமல் கவனித்தார். பாட்டு முடிந்து கூட்டம் ஆரவாரம் செய்தபோது, பதிலுக்கு ஓர் ஆலாபனையைத் தொடங்குவார் என்றுதான் நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் கயிற்றைச் சட்டென்று உதறிவிட்டு, அதே கல்யாணியில், கீழ்ஸ்தாயியில், ஒரே ஒரு வரியில், உலகைத் துறந்த முனிவருக்கு ஒரு குறப்பெண்ணின் கல்யாணத்தில் என்ன அக்கறை என்று கேட்டார். திடல் ஒரு நொடி அடங்கி, பிறகு சிரிப்பு வெடித்தது. நாரதரே ரசித்துத் தலையசைத்தார்.

குறையும் இல்லாமல் இல்லை. கிழவர் வேடத்தில் முருகன் வரும் காட்சியில் அவர் களைத்துவிட்டார்; யானையைக் கண்டு அஞ்சும் இடத்தை ஏதோ கடனுக்குச் செய்தது போல முடித்தார். விடியும் வேளை என்பதால் அதைப் பெரிதுபடுத்த மனம் வரவில்லை.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அந்தக் கவண் கயிற்று நடிப்பைப் பற்றிப் புகழ்ந்து சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கயிறு முடிச்சு அவுந்துபோச்சுண்ணே, கீழ விழுந்துறக் கூடாதுன்னு சுத்திப் பிடிச்சிருந்தேன்" என்றார். இருக்கலாம். ஆனால் அதை உதறிய நேரம், தாளத்தின் தொடக்க அடியான சமத்தில் பிசகில்லாமல் விழுந்தது.