“நம் ஆளுக்கே வாக்கு”: ராயபுரம் குடும்பக் குழுவில் ஓர் இரவு

அந்தோணி பெரியப்பா (மாலை 6:40)
பலமுறை பகிரப்பட்டது: “கத்தோலிக்க மக்களே, விழித்தெழுங்கள்! வாக்கு நம் வேதத்துக்காரருக்கே. மற்றவருக்குப் போடுவது விசுவாசத்துக்குச் செய்யும் துரோகம்.”

அந்தோணி பெரியப்பா
எல்லோரும் படியுங்கள். உங்கள் தெருவில் செபத்துக்குக் கூடும் அன்பியக் குழுக்களுக்கும் அனுப்புங்கள்.

ஆரோக்கியம்
பெரியப்பா, தயவுசெய்து இதை வெளியே அனுப்பாதீர்கள். வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டால், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி அது தேர்தல் முறைகேடு. வென்றாலும் வெற்றி செல்லாமல் போகலாம். வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் இதே கதிதான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நான்கு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம்.

அந்தோணி பெரியப்பா
நான் எந்த வேட்பாளருக்கும் ஏஜென்ட் இல்லை. என் குடும்பத்துக்குச் சொல்கிறேன். செபமாலை பிடிக்கிற கை லஞ்சப் பணத்தை வாங்கக் கூசும். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததே, அப்போது சட்டமன்றத்தில் நம்மவர் கூடுதலாக இருந்திருந்தால் அவ்வளவு எளிதாக நிறைவேறியிருக்குமா?

ஸ்டெல்லா அத்தை
அண்ணா, அந்தச் சட்டம் எப்படிப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் நம் மாநிலத்தின் ஆளுங்கட்சி தோற்ற பிறகு அந்த அரசே அதைத் திரும்பப் பெற்றது. தோற்கடித்த வாக்குகளில் பெரும்பகுதி இந்துக்களின் வாக்கு. நம்முடைய எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் இன்றும் கோரிக்கை மனு எழுதிக்கொண்டிருப்போம்.

ரீட்டா அக்கா
அப்பா, எனக்கு இப்போது டூட்டி, விரிவாக எழுத முடியாது. ஒன்று மட்டும். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் இரவு முழுவதும் விழித்திருந்து வேலை பார்க்கிறவர்களில் கோவிலுக்கே போகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

பிரிட்டோ அண்ணன் (ஹூஸ்டன்)
அப்பா, இங்கே இப்போது காலை. நான் இருக்கும் இந்த ஊரில்தான் 1960 செப்டம்பர் 12 அன்று அதிபர் வேட்பாளர் கென்னடி புரோட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று பேசினார். கத்தோலிக்கர் அதிபரானால் ரோமாபுரியில் இருக்கும் போப்பின் கட்டளைப்படி நாட்டை ஆள்வார் என்று அவர்களுக்குப் பயம். 1928இல் போட்டியிட்ட அல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் அதே வெறுப்பைச் சந்தித்துத் தோற்றவர். கென்னடி என்ன சொன்னார் தெரியுமா? தான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கராகவும் இருக்கிறார், அவ்வளவுதான் என்றார். எந்த ஆயரும், அதாவது பிஷப்பும், அதிபருக்கு உத்தரவிட முடியாது என்றும் சொன்னார். நீங்கள் அனுப்பிய வாசகத்தை அன்று யாராவது விநியோகித்திருந்தால் முதலில் பாதிக்கப்பட்டிருப்பவர் அவர்தான்.

அந்தோணி பெரியப்பா
அது கென்னடி காலம். பிறகு வந்த கத்தோலிக்க அதிபர் பைடன். திருப்பலிக்குத் தவறாமல் போவார், கருக்கலைப்பு உரிமையையும் ஆதரிப்பார். மதம் வேறு, பதவி வேறு என்று நீ சொல்வது இதைத்தானா? ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர், திங்கட்கிழமை வேறு மனிதரா?

பிரிட்டோ அண்ணன் (ஹூஸ்டன்)
நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான் அப்பா. இங்கே எங்கள் கோவில் பங்கிலேயே இந்தக் கேள்வியால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. 2019இல் தென் கரோலினாவில் ஒரு குருவானவர் பைடனுக்குத் திருப்பலியில் நற்கருணை அப்பம் தர மறுத்தார். 2021இல் அமெரிக்க ஆயர்கள் அவரை மனத்தில் வைத்தே மாதக்கணக்கில் விவாதித்தார்கள். கடைசியில் வெளியிட்ட ஆவணத்தில் அவர் பெயர் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அப்போது திருத்தந்தையாக இருந்த போப் பிரான்சிஸைச் சந்தித்துவிட்டு வந்து, தொடர்ந்து நற்கருணை வாங்கும்படி அவர் சொன்னதாகப் பைடன் கூறினார்.

மறுபக்கத்தையும் பாருங்கள். துணை அதிபர் வான்ஸ் 2019இல் கத்தோலிக்கரானவர். முதலில் குடும்பம், அயலார், சொந்த நாட்டு மக்கள், பிறகுதான் மற்றவர்கள் என்று “அன்பின் ஒழுங்கு” என்ற பழைய இறையியலைச் சொல்லி, குடியேறிகளை வெளியேற்றுவதை நியாயப்படுத்தினார். 2025 பிப்ரவரியில் திருத்தந்தை அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையைக் காட்டி, அன்பின் ஒழுங்கு அதுதான் என்றார். இந்த இரண்டு பேரில் யார் “நம் ஆள்”? உங்கள் வாசகப்படி நான் யாருக்குப் போட வேண்டும்?

அந்தோணி பெரியப்பா
கருவில் இருக்கும் குழந்தையைக் காப்பவருக்கு. எனக்கு இதில் குழப்பமே இல்லை.

பிரிட்டோ அண்ணன் (ஹூஸ்டன்)
2024 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தையிடம் இதையே கேட்டார்கள். குடியேறிகளை விரட்டுவதும் உயிருக்கு எதிரானது, குழந்தைகளைக் கொல்வதும் உயிருக்கு எதிரானது, இரண்டில் குறைந்த தீமையை அவரவர் மனச்சாட்சிப்படி தேர்ந்தெடுங்கள், ஆனால் வாக்களியுங்கள் என்றார். பெயர் சொல்லவில்லை.

ஸ்டெல்லா அத்தை
இங்கே எந்தக் கட்சி மேடையிலும் கருக்கலைப்பு ஒரு தேர்தல் பிரச்சினையாக வந்து நான் கேட்டதில்லை. அவர்கள் ஊர்ச் சண்டையை அப்படியே இங்கே கொண்டுவந்து நம் பங்கைப் பிளக்க வேண்டாம்.

மேரி சித்தி (வியாசர்பாடி)
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது நான் பேசுகிறேன், மாமா தப்பாக நினைக்க வேண்டாம்.

1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் சேர முடியாது என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாம் இன்னும் வெளியே நிற்கிறோம். என் அப்பா ஞானஸ்நானம் வாங்கினார், சான்றிதழில் சாதிப் பிரிவு மாறியது. தெரு மாறவில்லை, செய்த வேலை மாறவில்லை, ஊரார் கூப்பிட்ட விதம் மாறவில்லை. இந்த எழுபது ஆண்டுகளில் செபமாலையோடு சட்டமன்றத்துக்கும் டெல்லிக்கும் போனவர்கள் இதற்காகப் பதவியை விட்டார்களா? 2023 ஏப்ரலில் தலித் கிறிஸ்தவர்களையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவர் முதலமைச்சர் ஸ்டாலின். அவர் எந்தக் கோவிலில் முழந்தாளிடுகிறார்?

அந்தோணி பெரியப்பா
தீர்மானம் போட்டால் போதுமா மேரி? டெல்லியில் ஒரு காகிதமாவது அசைந்ததா?

மேரி சித்தி (வியாசர்பாடி)
அசையவில்லை. அதனால் அவரையும் கேட்பேன். நம்மவரையும் கேட்பேன். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பியவர்கள் இந்தத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள். “நம் ஆள்” என்று நீங்கள் எழுதும்போது அந்தச் சுவருக்கு எந்தப் பக்கத்து ஆளைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ரீட்டா அக்கா
சித்தி 🙏

ஸ்டெல்லா அத்தை
அண்ணா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பெரம்பூரில் என் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு 2020 ஜனவரியோடு நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் இருந்த நியமன இடம் போய்விட்டது. அந்த வலி உண்மை. ஆனால் தொடக்கத்தில் நம் பெரியவர்கள் செய்ததை நினைத்துப் பாருங்கள். லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா என்ற சேசு சபைக் (ஜெசூட் துறவற சபை) குருவானவர் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்திருந்தார். அந்த அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி, வங்காளக் கிறிஸ்தவர். 1949இல் மதச் சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் வேண்டாம் என்று முடிவானபோது அதை ஆதரித்துப் பேசியவர் அவர். மற்ற மக்களோடு சேர்ந்தே நிற்போம் என்று அன்று நம்பினார்கள். 2007இல் இங்கே கிறிஸ்தவருக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு வந்ததும், அடுத்த ஆண்டே நம் தலைவர்கள் கேட்டு அதைக் கைவிட்டதும் உங்களுக்கே நினைவிருக்கும்.

குருக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நேற்று அன்பியத்தில் ஒருவர் கேட்டார். அரசு அதிகாரப் பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்கிறது 1983 திருச்சபைச் சட்டம். அமெரிக்காவில் டிரினன் என்ற சேசு சபைக் குரு பத்தாண்டு நாடாளுமன்றத்தில் இருந்தார். 1980இல் ரோமாபுரி சொன்னதும் மறுபடி போட்டியிடவில்லை. ஆகவே பீடத்திலிருந்து யாருக்கும் வாக்குக் கேட்க வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் நான் சொல்லப்போகிறேன். பூசை முடிந்து வெளியே வரும்போது வேட்பாளர் மாலையோடு புகைப்படத்துக்கு நிற்பதும் வேண்டாம்.

அந்தோணி பெரியப்பா (இரவு 9:15)
கோவில் வாசலில் புகைப்படம் வேண்டாம், அதில் எனக்கும் மறுப்பில்லை. படகோட்டிகள் கட்டிய கோவில் அது, எந்தக் கட்சிக்கும் மேடை அல்ல. மற்றபடி என் எண்ணம் மாறவில்லை. கடவுளுக்குப் பயப்படாதவன் யாருக்குப் பயப்படுவான்? என் வாக்கைப் போடும்போது அதை நான் பார்ப்பேன்.

ஆரோக்கியம்
பாருங்கள் பெரியப்பா, உங்கள் மனச்சாட்சியில் யாரும் தலையிட முடியாது. அந்தப் பகிர்வை மட்டும் அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, நம் தெருவுக்கு வரும் எல்லா வேட்பாளரிடமும், எந்த மதமானாலும், ஒரே கேள்விகளைக் கேட்போம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து வலைகள் பாழானதே, மறுபடி நடக்காதிருக்க என்ன செய்வீர்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக் குடும்பங்களுக்குத் தரும் நிவாரணம் போதுமா?

அந்தோணி பெரியப்பா
அந்தப் பகிர்வு என் கைப்பேசியில் இருக்கட்டும், வேறு யாருக்கும் அனுப்பவில்லை. கேள்விகளை எழுது. செபம் செய்கிறவரா என்பதையும் நான் கேட்பேன்.

ஸ்டெல்லா அத்தை
கேளுங்கள் அண்ணா. பதில் எதுவானாலும் மற்றக் கேள்விகளையும் விடாமல் கேளுங்கள்.

மேரி சித்தி (வியாசர்பாடி)
ஆரோக்கியம், 1950 ஆணையை முதல் கேள்வியாக எழுது. எண்ணெய் இரண்டாவது.