பொருள்: மறுமொழி: 'பூட்' – 'தொடக்கம்' போதுமா, 'கிளம்பல்' வேண்டுமா?

வணக்கம். அணைந்திருக்கும் கணினி இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்குவதை ஆங்கிலத்தில் 'பூட்' என்கிறோம். அதற்குத் தமிழில் 'கிளம்பல்' என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'தொடக்கம்' புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான். நானும் 'தொடக்கம்' என்றே போட்டுக்கொண்டு வந்தேன், ஒரு வரியில் மாட்டிக்கொள்ளும் வரை. விண்டோசின் டாஸ்க் மேனேஜரில் (எந்த நிரல் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் சாளரம்) சிபியு வரைபடத்துக்குக் கீழே 'அப் டைம்' என்று இருக்கும், கடைசியாக பூட் ஆனதிலிருந்து ஓடிய நேரம். என் மடிக்கணினியில் அது 11:02:17:43 என்று காட்டியது. அதாவது 11 நாள், 2 மணி நேரம், சொச்சம். நானோ தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன்!

'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' செய்யும் வேலை இது. விண்டோஸ் 8-இல் வந்தது. ஷட்டவுன் கொடுத்தால் நம் நிரல்களை மூடிவிடும். இயங்குதளத்தின் மையமான கெர்னலை மட்டும் மூடாமல், இருந்த நிலையிலேயே வட்டில் எழுதி வைத்துவிட்டு அணையும். காலையில் அதை எடுத்து மறுபடி நினைவகத்தில் போட்டுக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கணக்கு சுழியத்துக்கு வரும். ஆக, தினமும் காலையில் என் கணினி தொடங்குகிறது, ஆனால் பூட் ஆவதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதைப் பயனருக்கு எப்படி விளக்குவது?

'முடுக்கம்' இயற்பியலுக்குப் போய்விட்டது. 'உயிர்ப்பு' கவிதைக்கு ஆகும், பிழைச்செய்திக்கு ஆகாது. வண்டியைக் கிளப்புகிறோம், வண்டி கிளம்புகிறது. இந்தச் சோடிதான் எனக்குப் பிடித்தது. கரண்டு வந்ததும் சர்வர் தானாகக் கிளம்பியதா, யாராவது கிளப்பினார்களா என்பதை வினையே சொல்லிவிடும்.

இன்னொரு லாபமும் உண்டு. 'பூட் டைம்' என்பது ஆங்கிலத்திலேயே குழப்பம். லினக்ஸில் 'ஹூ -பி' என்ற கட்டளை காட்டுவது கிளம்பிய நேரம். 'சிஸ்டம்டி-அனலைஸ்' காட்டுவது கிளம்ப ஆன நேரம். தமிழில் குழப்பமே இல்லை. 'லாஸ்ட் ரீபூட்' கட்டளை தரும் பட்டியலைக் 'கிளம்பல் வரலாறு' எனலாம். அதில் 'ஸ்டில் ரன்னிங்' என்று வரும் முதல் வரிக்கு 'இன்னும் ஓடுகிறது'. 'அப் டைம்' என்பதற்கு 'ஓடிய நேரம்' போதும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் நிகழ்வு எண் 6005 வந்தால் கிளம்பியிருக்கிறது, 6006 வந்தால் ஒழுங்காக நின்றிருக்கிறது, 6008 வந்தால் முந்தைய முறை சொல்லாமல் கொள்ளாமல் நின்றிருக்கிறது (கரண்டு போயிருக்கும், அல்லது யாரோ பொத்தானை அமுக்கிப் பிடித்திருப்பார்கள்). இந்த மூன்றாவதற்கு 'எதிர்பாரா நிறுத்தம்' என்று போட்டிருக்கிறேன்.

> 'கிளப்பு' என்றால் புரளியும் காபி கிளப்பும்தான் நினைவுக்கு வருகின்றன.

சிரித்துவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். 'கிளம்பு' என்றால் புறப்படு என்றும்தான் பொருள். ஆனால் மேசைமேல் இருக்கும் கணினி கிளம்பியது என்றால் யாரும் அது ஊருக்குப் போனதாக நினைக்கப் போவதில்லை. பொத்தானில் மட்டும் 'கிளப்பு' என்று தனியாக நிற்பது எனக்கும் உறுத்துகிறது. அங்கே 'கணினியைக் கிளப்பு' என்று முழுதாகப் போடலாமா?

தீராதது ஒன்று: ஹைபர்னேட்டிலிருந்து (திறந்திருக்கும் நிரல்களோடு எல்லாவற்றையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைவது) மீள்வது. எழுந்திருப்பது என்ற பொருளில் 'எழுதல்' என்று போட்டுப் பார்த்தேன். சோதித்துப் பார்த்த நண்பர் வட்டில் ஏதோ எழுதுகிறது என்று நினைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தார்.